கீறல் யார் கணக்கில்?

1893இல் ஜான் ஹாலண்ட் என்பவர் மேற்கு ஆஸ்திரேலியாவின் புரூம்ஹில் ஊரிலிருந்து புறப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டுதான் கூல்கார்டியில் பேய்லி, ஃபோர்டு என்ற இருவர் தங்கம் கண்டிருந்தார்கள். தென்கரைப் பக்கமிருந்து தங்க வயலுக்குப் போக நேர்வழி கிடையாது. ஹாலண்டும், ருடால்ஃப், டேவிட் என்ற கிராகோவர் சகோதரர்களும், ஜான் கார்மடியும் குதிரைகளோடும் கோடரிகளோடும் புதர்க்காட்டுக்குள் நுழைந்தார்கள். கருங்கல் பாறை தென்பட்டால் அதன் குழிகளில் மழைநீர் தேங்கியிருக்கும். ஒரு பாறையிலிருந்து அடுத்த பாறை என்று போய், ஏறக்குறைய இரண்டு மாதத்தில் 500 கிலோமீட்டருக்கு மேல் வண்டித்தடம் வெட்டி முடித்தார்கள். 1896இல் கூல்கார்டிக்கு ரயில் வந்துவிட்டது. தடத்துக்கு வேலை போனது, காடு அதை மூடிக்கொண்டது. 1990களின் தொடக்கத்தில் நான்கு சக்கர வண்டி ஆர்வலர்கள் பழைய வழியைத் தேடிப் பிடித்துத் திறந்தார்கள். இன்று அதன் பெயர் ஹாலண்ட் டிராக். அங்கே போகத் திட்டமிடுகிறவர்கள் தண்ணீரைப் பற்றியோ டீசலைப் பற்றியோ கேட்பதற்கு முன் கேட்பது ஒன்றுதான்: வண்டியில் எவ்வளவு கோடு விழும்?

விழும். குதிரை வண்டிக்காக வெட்டிய தடம் அது. இன்றைய பெரிய வண்டிகள் பக்கக் கண்ணாடிகளோடு சேர்த்து இரண்டு மீட்டரைத் தாண்டுகின்றன. மாலி, டாமா, வாட்டில் புதர்கள் இரண்டு பக்கமும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. கண்ணாடியை மடக்கிக்கொண்டு, ஜன்னலை ஏற்றிக்கொண்டு மெதுவாக ஊர்ந்தாலும் கதவு நெடுகக் கிளைகள் இழுபடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

கோட்டைப் பற்றிய அந்தக் கவலையை அற்பம் என்று தள்ள எனக்கு மனம் வராது. பல ஆண்டுச் சம்பளத்தைப் போட்டு வாங்கிய வண்டி அது. பெயிண்டும் வெறும் அலங்காரம் கிடையாது. இரும்புக்கும் காற்றுக்கும் நடுவே நிற்கும் காப்பு. ஆனால் கோடு விழாமல் காப்பதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதைத்தான் நாம் கேட்பதே இல்லை.

முதலில், காக்க நினைக்கும் பொருள் எவ்வளவு மெல்லியது என்பது தெரிய வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டியின் பெயிண்ட் அடுக்குகள் எல்லாம் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான். இரண்டு தலைமுடிகளைப் பக்கம் பக்கமாக வைத்த அகலம்தான். துத்தநாகம் பூசிய எஃகுத் தகட்டைத் தொட்டியில் முழுதாக முக்கி, மின்சாரம் பாய்ச்சிப் படிய வைக்கும் அடிப்பூச்சு 20 மைக்ரான் அளவு. அதன் மேல் பிரைமர். அதற்கும் மேல் நிறம். நாம் பார்த்து மயங்கி வாங்கும் அந்த நிறம் பெரும்பாலும் 15 மைக்ரானைச் சுற்றித்தான் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட், 40 முதல் 50 மைக்ரான். புதர் கீறுவது பெரும்பாலும் இந்தக் கடைசி அடுக்கை மட்டும்தான். அதில் விழும் பள்ளத்தின் விளிம்புகள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் கோடு வெள்ளையாகத் தெரிகிறது. வெள்ளை வண்டியில் கண்ணில் படாத கீறல் கறுப்பு வண்டியில் தூரத்திலிருந்தே தெரிவது இதனால்தான்.

கீறுவது கிளை என்று நினைக்கிறோம். பச்சை இலைக்கும் இளங்கொம்புக்கும் அவ்வளவு வலு கிடையாது. கீறுவது தூசி. அந்தச் செம்மண்ணில் கலந்திருக்கும் மணல் குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை வரிசையில் 7. ஜன்னல் கண்ணாடியே 5.5 சொச்சம்தான், கிளியர் கோட் அதற்கும் எவ்வளவோ கீழே. முன்னால் போகும் வண்டி கிளப்பிய தூசி நம் கதவில் படிகிறது, கிளைகளிலும் படிகிறது. பிறகு கிளை வந்து அந்தத் தூசியை அழுத்தி, கதவின் நீளத்துக்கும் உப்புத்தாள் தேய்க்கிறது. காய்ந்து ஒடிந்த கொம்பின் முனை வேறு ரகம். அது நிறத்தையும் தாண்டிப் பிரைமர் வரை இறங்கிவிடும். இலைப் புதரென்றால் அதை வண்டியோடு ஒட்டி மெதுவாக வழியவிடலாம். மொட்டைக் கொம்பு நீட்டிக்கொண்டிருந்தால் நிறுத்தி, கூட வருகிறவரை இறக்கி, கையால் வளைத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். வீட்டுக்குத் திரும்பிய பிறகு காய்ந்த துணியால் கதவைத் துடைக்கிறார்களே, அதுவும் இதே வேலைதான். கிளை விட்டுவைத்த இடத்தைத் துணி கீறிவிடும். முதலில் தண்ணீரைத் தாராளமாகப் பாய்ச்சி மண் முழுவதும் இறங்கிய பிறகே கை படலாம்.

சந்தையில் விற்கும் காப்புகளைப் பற்றி நான் நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். செராமிக் பூச்சு விற்பவர்கள் டப்பாவில் 9ஹெச் என்று பெரிதாக அச்சிடுகிறார்கள். படிக்கிறவர் அதை வைரத்துக்கு அடுத்த கடினம் என்று எடுத்துக்கொள்கிறார். அது பென்சில் அளவை. 9ஹெச் பென்சிலால் அழுத்தி இழுத்தாலும் கீறாது என்பதுதான் பொருள். குவார்ட்ஸோடு அதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தப் பூச்சால் மண் எளிதில் கழுவிப் போகும், வெயிலில் நிறம் மங்குவது குறையும். கிளைக்கு அது காப்பு ஆகாது. பாலியூரித்தேன் ஃபிலிம் உண்மையிலேயே தாங்கும். வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளின் விளிம்பை மணல் அரிக்காமல் இருக்க ஒட்டிய பொருளின் வழிவந்தது அது. 150 முதல் 200 மைக்ரான் வரை தடிமன், அதாவது அடியிலிருக்கும் பெயிண்ட் மொத்தத்தையும்விட அதிகம். மெல்லிய கோடு விழுந்தால் வெயில் சூட்டில் தானே மறைகிற ரகங்களும் உண்டு. வண்டி முழுக்க ஒட்ட ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். முடியாதவர்கள் கதவின் கீழ்ப்பாதி, சக்கர வளைவுகளின் பின்பக்கம், பானெட்டின் முன்விளிம்பு ஆகியவற்றில் மட்டும் ஒட்டினாலே பெரும்பகுதி தப்பிவிடும். காந்தத் தகடுகளைக் கதவில் அப்பிக்கொண்டு போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அடியில் தூசி புகுந்துவிட்டால் நாள் முழுக்க அந்தத் தகடே கதவை அரைத்துக்கொண்டிருக்கும்.

பெர்த்தில் எனக்கு ஓர் அண்ணையைத் தெரியும். யாழ்ப்பாணத்தில் பஸ்களுக்குப் பெயிண்ட் அடித்த கை. இங்கே ஒரு பட்டறையில் ஸ்பிரே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருமுறை காட்டிலிருந்து வந்த வண்டியை அவரிடம் காட்டினேன். கதவுப் பக்கம் அவர் அதிக நேரம் நிற்கவில்லை.

“நகத்தாலை ஒருக்கா இழுத்துப் பாருங்கோ தம்பி. தடக்குதோ?”

“இல்லை அண்ணை.”

“அப்ப மேல்பூச்சிலைதான் நிக்குது. தண்ணி தெளிச்சா மறைஞ்சு போகும், பாருங்கோ. பாலிஷ் போட்டா எடுக்கலாம். எண்டாலும் ஒவ்வொரு கோட்டுக்கும் மெஷினைப் பிடிச்சா, கடைசியிலை கோடும் இராது, பூச்சும் இராது.”

அவர் சொன்னதன் கணக்கு எளிது. ஒவ்வொரு மெஷின் பாலிஷும் கிளியர் கோட்டில் சில மைக்ரானைச் சீவி எடுத்துவிடுகிறது. இருப்பதே 40, 50தான். சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வேதிப்பொருள் இருப்பதும் அந்த அடுக்கில்தான். கோட்டைப் பொறுக்காமல் ஆண்டுதோறும் தேய்ப்பவரின் வண்டிதான் முதலில் வெயிலில் உரிய ஆரம்பிக்கும். அண்ணை பிறகு தரையில் ஓர் அட்டையை விரித்துப் படுத்துக்கொண்டு டார்ச்சை அடித்து வண்டியின் வயிற்றைப் பார்த்தார். “மேலை பாத்துக் கவலைப்படுறியள். கறள் கீழையிருந்தல்லோ வரும்” என்றார். கறள் என்று அவர் சொன்னது துருவை.

அந்தப் பார்வையை நான் அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன். காட்டில் ஓடும் வண்டியின் ஆயுளைத் தீர்மானிக்கும் காயங்கள் கண்ணுக்குப் படாத இடத்தில் விழுகின்றன. கதவுக்குக் கீழே, வண்டியின் நீளத்துக்கு ஓடும் பெட்டிச் சட்டம் உள்ளே கூடு. கதவின் உட்புறமும் கூடு. உள்ளே போகும் தண்ணீர் வடிவதற்காக அடியில் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். சேறு அந்தத் துளைகளை அடைத்துவிட்டால் ஈரம் வாரக்கணக்கில் உள்ளேயே நிற்கும். இரும்பு துருவானால் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அது வீங்கி வீங்கிப் பெயிண்டை அடியிலிருந்து தூக்குகிறது. வெளியே ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடு பாதி தின்னப்பட்டிருக்கும். ஹாலண்ட் டிராக் ஓடும் பிரதேசத்தில் உப்பு ஏரிகள் வேறு உண்டு. உப்புச் சேறு ஒட்டிக்கொண்டால் துருவின் வேகம் பல மடங்காகும். மேலே நிறம் வரை இறங்கிய கோட்டுக்குக்கூடக் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. தகடு தெரிந்தாலும் சுற்றியிருக்கும் துத்தநாகம் முதலில் தன்னை அரிக்கக் கொடுத்து இரும்பைக் கொஞ்ச காலம் காக்கும். அடைபட்ட துளைக்குள் நிற்கும் உப்புத் தண்ணீருக்கு முன்னால் அந்த அவகாசம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஆகவே செலவழிக்கும் பணத்தையும் நேரத்தையும் கீழே போடு என்பது என் கட்சி. பயணம் முடிந்ததும் வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடிப்பகுதியை, சேஸிஸ் சட்டத்தின் உட்புறத்தை, சக்கர வளைவுகளின் மடிப்பை, நல்ல தண்ணீர் தெளிவாக வடியும்வரை கழுவ வேண்டும். வடிகால் துளைகளைக் குச்சி விட்டுப் பார்க்க வேண்டும். காய்ந்த பிறகு ஆட்டு உரோமத்திலிருந்து எடுக்கும் லனோலின் மெழுகை அடித்துவிடலாம். ஆஸ்திரேலியர்களுக்கு இது பழக்கமான முறை. புரூம்ஹில்லைச் சுற்றியும் கோதுமையும் ஆடும்தான். அந்தக் கம்பளியின் கொழுப்பு அதே ஊரிலிருந்து கிளம்பும் தடத்தில் ஓடும் வண்டியைக் காக்கிறது என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. அதில் தூசி ஒட்டும், ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும். ஆனால் அது இறுகிக் கல்லாவதில்லை, இடுக்குகளுக்குள் ஊர்ந்து போகிறது. இறுகும் ரப்பர்ப் பூச்சுகளின் ஆபத்து வேறு. பூச்சு எங்காவது வெடித்துவிட்டால் தண்ணீர் அதற்கும் தகட்டுக்கும் நடுவே புகுந்து மறைந்துகொள்ளும். மேலே பார்த்தால் கறுகறுவென்று புதிதாக இருக்கும், உள்ளே தகடு உதிர்ந்துகொண்டிருக்கும்.

காப்பே கேடாகும் இன்னோர் இடம் வடக்குப் பாலைவனத்தில் இருக்கிறது. விலூனாவிலிருந்து ஹால்ஸ் கிரீக் வரை 1,850 கிலோமீட்டர் போகும் கேனிங் ஸ்டாக் ரூட்டில் தடத்தின் நடுவிலேயே ஸ்பினிஃபெக்ஸ் புல் உயரமாக வளர்ந்திருக்கும். பிசின் நிறைந்த புல், தீக்குச்சியைக் காட்டாமலே பற்றிக்கொள்ளக் காத்திருப்பது. இன்ஜினைக் கல்லிலிருந்து காக்க அடியில் எஃகுத் தகடு பூட்டிக்கொண்டு போகிறோம். அந்தத் தகட்டுக்கும் சுடச்சுட இருக்கும் சைலன்சர் குழாய்க்கும் இடையே காய்ந்த புல் சேர்ந்துகொண்டே போகிறது. இப்படித் தீப்பிடித்து முழுக்க எரிந்த வண்டிகளின் கூடுகள் பாலைத் தடங்களின் ஓரத்தில் கிடக்கின்றன. கம்பிக் கொக்கியால் அடிவயிற்றைத் துழாவிப் புல்லை இழுத்துப் போடாமல் அங்கே நாளை முடிக்கக் கூடாது. தகடு பூட்டியாகிவிட்டது, இனிக் கவலையில்லை என்று நினைப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

1948இல் வந்த முதல் லேண்ட் ரோவர்கள் இந்தப் பிரச்சினைக்கு வேறொரு வழி சொன்னவை. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு. அதனால் பிர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவையில் உடலைச் செய்தார்கள். போரில் மிஞ்சிய விமான உள்ளறைப் பச்சைப் பெயிண்டை அடித்தார்கள். தட்டையான தகடுகள், மினுக்கம் கிடையாது. கீறினால் துருவேறாது, நசுங்கினால் மரச்சுத்தியால் தட்டிக்கொள்ளலாம். சேஸிஸ் எஃகு என்பதால் அது துருப்பிடித்தது, அலுமினியமும் எஃகும் தொடும் இடங்களில் அரிப்பும் வந்தது. இருந்தாலும் கீறல் விழும் என்பதை ஏற்றுக்கொண்டு கட்டிய உடல் அது. இன்று ஷோரூமில் கண்ணாடிபோல் மின்னும் யூட் என்ற பிக்கப் வண்டிகளைக் காட்டில் ஓடுவதற்கென்றே விற்கிறார்கள். விளம்பரத்தில் பாறை, ஆறு, சேறு எல்லாம் வரும். கதவோடு உரசும் புதர் மட்டும் வராது.

அந்த மினுக்கத்தோடு காட்டுக்கு வருகிறவரின் தவிப்பு அவர் வண்டியோடு நின்றுவிடுவதில்லை. அதுதான் என்னை இதை எழுத வைக்கிறது. ஹாலண்ட் டிராக்கில் களிமண் தாழ்வுகள் நிறைய உண்டு. மழை பெய்தால் சேறாகிவிடும், ஈரத்தில் போகாதீர்கள் என்று நிர்வாகம் கேட்டுக்கொள்கிறது. கேட்காமல் வருகிறவர் சேற்றின் முன்னால் நிறுத்துகிறார். உள்ளே என்ன கல் இருக்கிறதோ, பம்பர் போய்விடுமோ என்று பக்கத்துப் புதருக்குள் வண்டியைத் திருப்பி, சேற்றைச் சுற்றிப் போகிறார். அடுத்து வருகிறவர் அந்தச் சுவட்டையே பிடிக்கிறார். சில வண்டிகள் போனதும் அதுவும் சேறாகிறது. அதைச் சுற்றி இன்னொன்று. ஒரு வண்டி போகும் தடம் இப்படிப் பிரிந்து பிரிந்து, சில இடங்களில் பேருந்து நிலையம்போல் அகன்று கிடக்கிறது. நசுங்கிய புதரோடு, மண்ணின் மேல் பாசியும் லைக்கனும் சேர்ந்து கட்டியிருந்த மெல்லிய மேலோடும் போய்விடும். அது திரும்பக் கூடி வரப் பல பத்தாண்டுகள் ஆகலாம். கைரம்பம் கொண்டுவந்து, நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகளை வெட்டிக்கொண்டே போகிறவர்களும் உண்டு. தங்கள் கதவில் விழ வேண்டிய கோட்டை அவர்கள் மரத்தின் மேல் எழுதிவிட்டுப் போகிறார்கள். மரத்தின் காயத்துக்குப் பாலிஷ் போட யாரும் வரப்போவதில்லை.

கோடு என் வண்டியில் விழட்டும் என்று சொல்வதற்கு எனக்கு இருக்கும் காரணம் அந்தக் காடுதான். கிரேட் வெஸ்டர்ன் உட்லண்ட்ஸ் என்ற அந்த வனப்பரப்பு 1.6 கோடி ஹெக்டேர், தமிழ்நாட்டைவிடப் பெரியது. மித வெப்பக் காலநிலையில் உலகில் இவ்வளவு பெரிதாகச் சிதையாமல் மிஞ்சியிருக்கும் மரக்காடு வேறில்லை. அதில் ஒரு பெரிய பகுதி ங்காஜு மக்களின் மண். ஹாலண்டின் கூட்டத்துக்குத் தண்ணீர் தந்த பாறைக்குழிகள் எத்தனையோ தலைமுறைகளாக ஆதிக்குடிகள் பேணி வந்தவை. தண்ணீர் வற்றாமலும் விலங்கு விழாமலும் இருக்கக் கற்பலகையால் மூடி வைப்பார்கள். சால்மன் கம் மரத்தின் பட்டை மாலை வெயிலில் இளஞ்சிவப்பாக எரியும். கிம்லெட் மரங்கள் செம்பு நிறத்தில் முறுக்கிக்கொண்டு நிற்கும். தீயில் போனால் கிம்லெட் அடியிலிருந்து துளிர்ப்பதில்லை. விதையிலிருந்து புதிதாகத்தான் வர வேண்டும், முதிர்ந்த காடாக நூற்றாண்டுகள் எடுக்கும். தடம் அகலமாகும் இடத்தில் பூனையும் நரியும் நடமாடுவது எளிதாகிறது. இரண்டும் ஐரோப்பியர் கொண்டுவந்தவை. அங்குள்ள சிறு விலங்குகளை அழித்துக்கொண்டிருப்பவை. புதர் என் கதவை உரசுகிறதென்றால் தடம் இன்னும் குறுகலாக இருக்கிறது, நான் நுழைந்த காடு இன்னும் காடாக இருக்கிறது.

வண்டியைக் காப்பதும் காட்டைக் காப்பதும் ஒன்றாகச் சேரும் இடமும் இருக்கிறது. தென்மேற்கின் ஈரமான பகுதிகளில், ஜாரா மரக்காடுகளிலும் பாங்க்சியாப் புதர்க்காடுகளிலும், ஃபைட்டாஃப்தரா சின்னமோமி என்ற நுண்ணுயிர் வேரைத் தின்று செடிகளைக் கொல்கிறது. அந்தப் பகுதியின் இயல்தாவர இனங்களில் 40 சதவீதம் வரை அதற்குப் பலியாகக்கூடியவை. அது வேகமாகப் பரவுவது ஈர மண்ணில்; அந்த மண் ஊர் விட்டு ஊர் போவது வண்டியின் சக்கர வளைவுகளில், சேஸிஸ் இடுக்கில், பூட்ஸின் அடியில். நோய் இல்லாத காட்டுக்குள் நுழைவதற்கு முன் அடிப்பகுதியில் ஒரு கட்டி மண்கூட இல்லாமல் கழுவச் சொல்கிறார்கள். சில பகுதிகளுக்கு அனுமதிச் சீட்டு இல்லாமல் போகவே முடியாது. துருவுக்குப் பயந்து அண்ணை டார்ச் அடித்துத் தேடிய அதே மடிப்புகளில்தான் அந்த மண்ணும் ஒட்டிக்கொண்டிருக்கும். பயணம் முடிந்த பிறகு கழுவினால் வண்டி பிழைக்கும். கிளம்புவதற்கு முன்னாலும் கழுவினால் பாங்க்சியாவும் பிழைக்கும். இரண்டாவது கழுவலுக்குத் தண்ணீரும் ஒரு மணி நேரமும் கூடுதலாகச் செலவாகும். அவ்வளவுதான்.

கோடே விழக் கூடாது என்று நினைக்கிறவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். வண்டியை வங்கிக் கடனில் வாங்கியிருப்பார்கள், இரண்டு ஆண்டில் விற்றாக வேண்டியிருக்கும். அவர்கள் ஹாலண்ட் டிராக்கை அகலப்படுத்தச் சொல்லிக் கேட்பதும், கிளைகளை வெட்டிக்கொண்டு போவதும்தான் கூடாது. அதே காட்டைப் பார்க்க ஹைடனிலிருந்து நார்ஸ்மன் வரை 300 கிலோமீட்டர் சரளைச் சாலை இருக்கிறது. இரண்டு வண்டிகள் தாராளமாக விலகும் அகலம். டிஸ்அப்பாயின்ட்மென்ட் ராக், மெக்டெர்மிட் ராக் என்று ஏறிப் பார்க்கப் பாறைகள் உண்டு, அதே சால்மன் கம், அதே கிம்லெட். அங்கே எந்தக் கிளையும் கதவைத் தொடாது. சரளை மட்டும் தெறிக்கும். அதற்கு நல்ல மட்ஃபிளாப் மாட்டி, டயரில் காற்றைச் சற்று இறக்கி, முன்னால் போகும் வண்டிக்கு இடம் விட்டு, வேகத்தைக் குறைத்தால் போதும். புது வண்டியோடு வரும் நண்பர்களை நான் அந்தச் சாலைக்குத்தான் அழைத்துப் போகிறேன்.